தலையில் செதில் உதிர்கிறதா? சுரண்டாதீர்கள், ஊற வையுங்கள்!

நாகூரில் மொட்டை போட வருகிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்

நாகூர் தர்காவுக்கு வருகிறவர்களில் மொட்டை போட்டுக்கொள்பவர்கள் ஏராளம்.

முஸ்லிம்கள் மட்டும் அல்ல. இந்துக்களும் வருகிறார்கள், கிறிஸ்தவர்களும் வருகிறார்கள். நேர்ந்துகொண்டபடி முடி கொடுத்துவிட்டு, தர்கா குளத்தில் குளித்து, ஆண்டவர் சன்னதிக்குப் போகிறார்கள். கந்தூரி நடக்கும் 14 நாளும் கூட்டம் நெரியும்.

தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் தீராத நோயை ஷாகுல் ஹமீது ஆண்டவர் தீர்த்து வைத்தார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அதனால் நோய் தீர வேண்டும் என்று நேர்ந்துகொண்டு வருகிறவர்கள் அதிகம். கை, கால், கண் என்று தகட்டில் செய்து காணிக்கை போடுவதும் அதற்காகத்தான்.

இப்படி மொட்டை போட உட்காரும் சிலருக்கு ஒரு சங்கடம் ஏற்படுகிறது.

தண்ணீர் தெளித்து முடியை விலக்கினால், தலையில் திட்டுத் திட்டாகச் சிவப்பு! அதன் மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில்! கத்தி பிடித்தவர் கை நின்றுவிடும்.

“நானா, தலையில என்ன இது? தொத்து வியாதியா?” என்று கேட்பார். பக்கத்தில் இருப்பவர் சற்றுத் தள்ளி உட்காருவார்.

தொத்து வியாதி அல்ல. இதன் பெயர் சொரியாசிஸ். சித்த வைத்தியத்தில் காளாஞ்சகப்படை என்பார்கள்.

உலகத்தில் குறைந்தது 10 கோடிப் பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. அவர்களில் பாதிப் பேருக்கு மேல் தலையிலும் வருகிறது. முதன்முதலில் தலையில் மட்டும் தோன்றுவதும் உண்டு.

பொடுகா, சொரியாசிஸா?

பலர் இதைப் பொடுகு என்றே நினைத்து வருஷக்கணக்கில் ஷாம்பு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

பொடுகு என்றால் பொடிப் பொடியாக, தவிடு மாதிரி உதிரும். சற்று எண்ணெய்ப் பிசுக்கோடு மஞ்சளாகவும் இருக்கும். தலை முழுக்கப் பரவலாக இருக்கும்.

சொரியாசிஸ் அப்படி அல்ல. திட்டுத் திட்டாக இருக்கும். தடவினால் கைக்குத் தடிப்பு தெரியும். செதில் கனமாக, காய்ந்து, வெள்ளி நிறத்தில் இருக்கும். முடி வளரும் எல்லையைத் தாண்டி நெற்றி, காதுக்குப் பின்புறம், பிடரி வரை இறங்கும்.

இன்னும் சந்தேகமா? முழங்கை, முழங்காலைப் பாருங்கள். அங்கேயும் செதில் இருக்கலாம். விரல் நகங்களைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போலச் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தால் பெரும்பாலும் சொரியாசிஸ்தான்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதை. தலையில் வட்டமாகச் செதில் வந்து, முடி ஒடிந்து சொட்டை விழுந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். அது தொத்தும். அதற்கு மாத்திரை வேறு. ஆகவே எதற்கும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டி, இன்ன நோய் என்று தெரிந்துகொண்ட பிறகே வீட்டு வைத்தியத்தில் இறங்க வேண்டும்.

குறுவைக் கணக்கு

ஏன் செதில் உதிர்கிறது?

டெல்டாக்காரர்களுக்கு எளிதாகப் புரியும்படி சொல்லலாம். குறுவை நெல் விளைய ஏறக்குறைய 105 நாள் ஆகிறது. அதை 15 நாளில் கதிர் விட வைத்து அறுத்தால் என்ன கிடைக்கும்? பதர்தான் கிடைக்கும்!

தோலிலும் அதே கதைதான். அடியில் பிறக்கும் தோல் அணு மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் ஆகும். நமக்குத் தெரியாமலே உதிர்ந்துவிடும். சொரியாசிஸ் வந்த இடத்தில் அதே வேலை 3 முதல் 5 நாளில் முடிந்துவிடுகிறது. முற்றாத தோல், ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து செதிலாகிறது.

வெளியிலிருந்து வந்த கிருமி அல்ல இதற்குக் காரணம். கிருமியை எதிர்க்க உடம்பில் இருக்கும் காவல் படையே தவறாகக் கிளம்பித் தோலை விரட்டுகிறது. குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆனால் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்று இல்லை.

தொண்டைப் புண், மனக்கவலை, குளிர்காலத்து வறட்சி, மது, பீடி, சிகரெட் ஆகியவை அடங்கிக் கிடப்பதைக் கிளப்பிவிடும். மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம், மலேரியாவுக்குக் கொடுக்கும் குளோரோகுயின், ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில ஆகியவையும் கிளப்புவது உண்டு. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் மாற்றித் தருவார்.

சீப்பு, துண்டு, தலையணை

ஒரே சீப்பில் வாரினால் வருமா? வராது.

ஒரே தலையணையில் படுத்தால்? வராது. ஒரே குளத்தில் குளித்தால்? வராது. புருஷன் பெண்டாட்டிக்குள்ளும் தொத்தாது.

ஆனால் ஒரு காலத்தில் இதையும் குஷ்டத்தையும் ஒன்றாக நினைத்து, இந்த நோயாளிகளையும் ஒதுக்கி வைத்தார்கள். இரண்டும் வேறு என்று 1841-ல் வியன்னா டாக்டர் பெர்டினாண்ட் ஹெப்ரா பிரித்துக் காட்டினார்.

2014-ல் உலக சுகாதாரப் பேரவை, ‘இது தொத்தாத நோய். நோயாளிகளை ஒதுக்குவதை நாடுகள் தடுக்க வேண்டும்’ என்ற கருத்தில் தீர்மானமே போட்டது.

இருந்தும் என்ன? இன்றைக்கும் ஆபீசில் கறுப்புச் சட்டை போடப் பயந்து, வெள்ளைச் சட்டையிலேயே காலம் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். சலூனுக்குப் போகக் கூசி, வீட்டிலேயே கத்தரிக்கோல் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண் பார்க்க வரும் அன்று தலை நிறையப் பூ வைத்து மறைக்கிற பெண்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் ஜான் அப்டைக் பெரும் புகழ் பெற்றவர். சிறு வயதிலிருந்தே அவருக்கு சொரியாசிஸ். தன் தோலோடு நடத்திய போராட்டத்தை 1985-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். அவருக்கே அத்தனை கூச்சம் என்றால், சாதாரண மனிதர்கள் என்ன செய்வார்கள்?

குதிரை கடித்த இடம்

இந்த நோயில் மிகப் பெரிய தவறு ஒன்று உண்டு. நகத்தால் சுரண்டுவது!

ஜெர்மானிய டாக்டர் ஹைன்ரிச் கோப்னர் 1870-களில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அவரிடம் வந்த சொரியாசிஸ் நோயாளிக்கு, குதிரை கடித்த இடத்தில் புதிதாக நோய் வந்திருந்தது. பச்சை குத்திய இடத்திலும் வந்திருந்தது!

அதாவது, தோலில் எங்கே காயம் பட்டாலும் பத்து இருபது நாளில் அங்கே புதிய திட்டு முளைக்கலாம். நகம் கீறினாலும் காயம்தான். பிளேடு பட்டாலும் காயம்தான். பல் கூர்மையான சீப்பால் பரண்டினாலும் காயம்தான்.

செதிலைப் பிய்த்தால் அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கசியும். பிய்த்தவருக்கு அப்போதைக்குச் சுகமாக இருக்கும். பிறகு இரண்டு மடங்கு தடித்து வரும்.

இரவில் எண்ணெய், காலையில் சீப்பு

அப்படியானால் செதிலை என்ன செய்வது? ஊற வைக்க வேண்டும்.

இரவில் தேங்காய் எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, செதில் இருக்கும் இடத்தில் விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வையுங்கள். முடிக்குப் பூசினால் பிரயோஜனம் இல்லை. தோலில் பட வேண்டும்.

பழைய வேட்டித் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு படுங்கள். இரவு முழுக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

காலையில் செதில் இளகி இருக்கும். சீப்பைத் தோலோடு படுக்கை வசமாக வைத்து மெதுவாகத் தள்ளுங்கள். வருகிற செதில் வரட்டும். வராததை விட்டுவிடுங்கள், நாளைக்கு வரும்.

அடுத்தது குளியல். மருந்துக் கடையில் தார் கலந்த ஷாம்பு கிடைக்கிறது. சாலிசிலிக் ஆசிட் கலந்ததும் கிடைக்கிறது. சாலிசிலிக் செதிலை இளக்கும். தார், தோல் வளரும் வேகத்தையும் அரிப்பையும் குறைக்கும்.

போட்டவுடன் அலசிவிடக் கூடாது. நுரையைத் தலையிலேயே 5 முதல் 10 நிமிஷம் விட வேண்டும். பிறகுதான் அலச வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். தார் வாசனை சற்று அடிக்கும், வெள்ளைத் துணியில் கறை பிடிக்கும். போட்ட அன்று உச்சி வெயிலில் நிற்காதீர்கள். சின்னக் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இவற்றைப் போட வேண்டாம்.

கடலோர ஊர்களில் பல இடத்தில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் குளித்தால் தலை வறளும். முடிந்தால் கடைசி இரண்டு சொம்பாவது நல்ல தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள்.

எலுமிச்சம் பழம் தேய்ப்பது, வெங்காயச் சாறு, மிளகு அரைத்துப் பூசுவது, பேன் என்று நினைத்து மண்ணெண்ணெய் தடவுவது எல்லாம் வேண்டாம். வெடித்த தோலில் பட்டால் தீயாய் எரியும். எரிச்சலும் ஒரு காயம்தான்.

டாக்டர் தரும் மருந்து

எண்ணெயும் ஷாம்பும் போதாதவர்களுக்கு டாக்டர்கள் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்த தண்ணீர் மருந்தைக் கொடுப்பார்கள். தலைக்குக் களிம்பைவிடத் தண்ணீர் மருந்து வசதி. முடியில் ஒட்டாது.

ஒன்றைக் கவனியுங்கள். செதில் மேல் மருந்தை ஊற்றினால் அது செதிலோடு நின்றுவிடும். முதலில் செதில் இளகிப் போக வேண்டும். பிறகு மருந்து போட வேண்டும். ‘மருந்து கேட்கவில்லை’ என்று சொல்பவர்கள் பலர் இந்த வரிசையைத் தவற விட்டவர்கள்தான்.

ஸ்டீராய்டு மருந்து நல்ல மருந்து. ஆனால் கெடு வைத்துப் போட வேண்டிய மருந்து. வீரியமானதை ஒரே மூச்சாக 4 வாரத்துக்கு மேல் போடுவதற்கு டாக்டர் உத்தரவு வேண்டும். நெற்றியில், முகத்தில் வழிய விடக் கூடாது. தோல் மெலிந்துவிடும். பழைய சீட்டைக் காட்டி மாதா மாதம் வாங்கிப் போடுவது ஆபத்து.

சித்த வைத்தியத்தில் வெட்பாலைத் தைலம் பிரசித்தம். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாக மாறும். அதைத்தான் பூசச் சொல்கிறார்கள். சென்னை தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் தொடங்கிய தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலும் இந்த நோய்க்குச் சிகிச்சை தருகிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. தைலத்தை அங்கே கேட்டு வாங்குங்கள். ‘பாலை’ என்று பெயர் கொண்ட செடிகள் பல. ஏதோ ஓர் இலையைப் பறித்து எண்ணெயில் போட்டுவிடாதீர்கள்.

மொட்டை போடலாமா?

போடலாம். ஆனால் சில நிபந்தனைகள் உண்டு.

தலையில் நீர் வடிந்தால், வெடித்து ரத்தம் கசிந்தால் அப்போது வேண்டாம். சற்று ஆறட்டும். வேண்டுதல் எங்கும் ஓடிப் போகாது.

ஆறியிருந்தால் முதல் நாள் இரவே எண்ணெய் வைத்து ஊற வைத்துவிட்டு வாருங்கள். உட்காரும்போதே, “தலையில சொரியாசிஸ் இருக்கு, ஒட்டச் சிரைக்க வேணாம்” என்று சொல்லிவிடுங்கள். புது பிளேடு கேளுங்கள். ஒரே ஓட்டம் போதும். எதிர் வசத்தில் இன்னொரு ஓட்டம் வேண்டாம். மிஷின் வைத்துக் கட்டையாக வெட்டிக்கொண்டால் இன்னும் நல்லது.

சந்தனம் பூசிக்கொண்டு எரிந்தால் உடனே கழுவிவிட்டு எண்ணெய் தடவுங்கள்.

மொட்டை போட்டால் நோய் போய்விடுமா? மொட்டையால் மட்டும் போகாது. ஆனால் ஒரு நன்மை உண்டு. முடி என்ற காடு இல்லாததால் எண்ணெயும் மருந்தும் நேராகத் தோலுக்குப் போகும். ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் ஒன்றிரண்டு மாதம் சிகிச்சைக்கு அருமையான காலம். அந்த நாளை வீணாக்காதீர்கள். வேண்டுதலும் நிறைவேறும், வைத்தியமும் நடக்கும்.

இன்னொரு ஆறுதல். இந்த நோயால் கொட்டிய முடி பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

மீன் ஆகாதா?

“மீன் சாப்பிடாதே, கருவாடு தொடாதே, கத்தரிக்காய் ஆகாது” என்று ஆளுக்கொரு பத்தியம் சொல்வார்கள். நாகூர்க்காரரிடம் மீனை நிறுத்தச் சொன்னால் அவர் வேறு என்ன சாப்பிடுவார்?

மீனால் சொரியாசிஸ் வருவதில்லை. குறிப்பிட்ட ஒன்றைச் சாப்பிட்டால் உங்களுக்கு அதிகமாகிறது என்று நீங்களே கண்டால் அதை மட்டும் தள்ளுங்கள். உடம்பு எடை அதிகம் உள்ளவர்கள் எடையைக் குறைத்தால் நோயும் குறைகிறது. மதுவையும் பீடியையும் விட்டால் நல்லது.

காலை இளவெயில் பலருக்கு நல்லது செய்கிறது. கடலில் குளித்தால் உடனே நல்ல தண்ணீரில் தலையை அலசி எண்ணெய் வையுங்கள். உச்சி வெயிலில் காய வேண்டாம். வெந்த தோலும் காயம்தான்.

தொப்பி, ஹெல்மெட் போடுகிறவர்கள் உள்ளே ஒரு பருத்தித் துணி வைத்து, அதைத் தினமும் துவையுங்கள்.

பொட்டல மருந்து, ஜாக்கிரதை!

‘ஒரே மாதத்தில் வேரோடு ஒழிப்போம்’ என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நோயை அடக்கி வைக்கலாம். வருஷக்கணக்கில் தலைகாட்டாமல் இருக்கவும் செய்யலாம். ஆனால் இனி எப்போதும் வராது என்று எந்த வைத்தியத்திலும் உத்தரவாதம் தர முடியாது.

பெயர் இல்லாத பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நாலே நாளில் தலை பளபளப்பாகிவிடும். ஆள் சந்தோஷப்படுவார். பொடியை நிறுத்தியதும் உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளம் கிளம்பி, ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வரலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

இன்னொரு எச்சரிக்கை. நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு டாக்டர்கள் மெத்தோட்ரெக்சேட் என்ற மாத்திரை எழுதுவார்கள். அது வாரத்துக்கு ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை. தவறிப்போய்த் தினமும் சாப்பிட்டால் விஷமாகிவிடும். எந்தக் கிழமை என்று காலண்டரில் எழுதி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

எப்போது ஓட வேண்டும்?

காலையில் எழுந்ததும் விரல் மூட்டு மடங்காமல் விறைத்தால், விரல் வீங்கினால், குதிகால் வலித்தால், ‘வயசாயிடுச்சு’ என்று இருந்துவிடாதீர்கள். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும். தலையிலும் நகத்திலும் நோய் உள்ளவர்களுக்கு அது வரும் வாய்ப்பு அதிகம். ஆரம்பத்தில் பிடித்தால் மூட்டைக் காப்பாற்றலாம்.

காய்ச்சலோடு சீழ்க் கொப்புளம் வந்தாலும், உடம்பெல்லாம் சிவந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாகை மாவட்டத்துக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஒரத்தூரில் இருக்கிறது. தஞ்சாவூரில் பழைய மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தோல் டாக்டரைத் தேடிச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியது இல்லை.

சலூன்காரர்களுக்கு ஒரு வார்த்தை

வாடிக்கையாளர் தலையில் செதிலைப் பார்த்தால் திருப்பி அனுப்பாதீர்கள். உங்களுக்கோ அடுத்தவருக்கோ அது வராது. ஆளுக்கு ஒரு புது பிளேடு, கழுவிய சீப்பு என்பது எல்லாத் தலைக்கும் உள்ள சட்டம்தான். இவருக்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். மெதுவாகக் கை வைத்தால் போதும்.

அவமானத்துக்குப் பயந்து ஒருவர் டாக்டரிடம்கூடப் போகாமல் இருந்திருக்கலாம். “இது தொத்தாது நானா, தோல் டாக்டர்ட்ட காட்டுங்க” என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை அவரை அங்கே அனுப்பிவிடும்.

நோயாளிகளுக்கும் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் காசு செலவில்லை. விரல் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். அடுத்த வேலை, இரவில் எண்ணெய்!